பங்கஜவல்லியின் அடுப்படி

முப்பத்தொரு வருஷம் கம்பவுண்டராக இருந்தவன் நான். காரைக்காலில் டாக்டர் சிதம்பரநாதனின் கிளினிக்கில், மருந்து கலக்கும் மரத்தடுப்புக்குப் பின்னால் நின்றபடியே, வெளியே பெஞ்சில் இருமுவது யாரென்று சொல்லிவிடுவேன். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. ஒரு இருமலைப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் கேட்டேன். அதில் முதல் ஆறு வருஷம், அது எங்கிருந்து வருகிறது என்று ஒருநாள்கூட யோசிக்கவில்லை. அந்த இருமல் என் பக்கத்து வீட்டுக்காரி பங்கஜவல்லியுடையது.

1971இல் அவர்கள் தருமபுரத்தில் எங்கள் தெருவுக்குக் குடிவந்தார்கள். புருஷன் சோமசேகரன் சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. நெடுங்காட்டுப் பக்கம் கொஞ்சம் நிலமும் உண்டு. ஏழு வயதில் ஒரே பெண், சௌந்தரவல்லி. பங்கஜத்துக்கு அப்போது இருபத்தேழு வயது. வந்த அன்றே என்னை 'அண்ணே' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். நானும் தங்கை முறை கொண்டாடினேன். முறை கொண்டாடுவதற்கு என்ன, வாய் வலிக்கவா போகிறது.

அவர்கள் வீட்டுக்குக் கிழக்கே என் வீடு. மேற்கே மர்செல் வீடு. மர்செல் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். தெருவில் அவரைச் 'சொல்தா' என்போம். பட்டாளத்துக்காரர் என்று அர்த்தம். அவர் மனைவி அனெத். அனெத்தின் அடுப்படியும் பங்கஜத்தின் அடுப்படியும் ஒரு சந்து இடைவெளியில் எதிரெதிரே இருந்தன. கருக்களாச்சேரியிலிருந்து மீன்காரி கூடையோடு வந்து போனால் ஒன்பது மணிக்கு அனெத் வீட்டில் மீன் பொரியும். ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கறி கொதிக்கும். சோமசேகரனோ சுத்த சைவம். காலையில் திருநீறு பூசிச் சாமி படத்துக்கு முன் நின்றால் மூக்கில் பொரித்த வாளை ஏறுகிறது என்று துடித்துப்போனார். குடிவந்த இரண்டாம் வாரமே அடுப்படி ஜன்னலுக்குக் குறுக்கே மூன்று பலகைகளை வைத்து ஆணி அடித்துவிட்டார். சுத்தியல் நான்தான் இரவல் கொடுத்தேன்.

அந்த அடுப்படிக்கு இருந்தது அந்த ஒரே ஜன்னல்தான். இனிமேல் புகை போக வேண்டுமென்றால் கொல்லைக் கதவு வழியாகப் போக வேண்டும். போகாவிட்டால் பங்கஜத்தின் நெஞ்சுக்குள் போக வேண்டும். சவுக்கு மிளார், தென்னை மட்டை, வரட்டி, கோடையில் உமி என்று கிடைத்ததையெல்லாம் எரித்தாள். ஐப்பசி கார்த்திகையில் எல்லாம் ஈரம். ஊதுகுழலை வாயில் வைத்தால் ஒரு உலை கொதிப்பதற்குள் நூறு தடவை ஊத வேண்டும், நூறு தடவை மூச்சை உள்ளே இழுக்கவும் வேண்டும். நிலத்திலிருந்து நெல் வந்தால் வீட்டிலேயே அவித்துக் காயவைப்பது அவர்கள் வழக்கம். நெல் அவிக்கும் நாட்களில் விடியலிலிருந்து உச்சிவரை அண்டாவுக்கு முன்னாலிருந்து நகர முடியாது.

கொல்லைப் பக்கம் வந்தாலாவது நல்ல காற்று உண்டா? அதுவும் இல்லை. தெருக்கோடியில் ஒரு ரைஸ் மில் இருந்தது. உமி எரித்துதான் பாய்லரை ஓட்டினார்கள். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் கொடியில் காயும் வெள்ளை வேட்டியில் கறுப்பு மிளகு தூவினாற்போல் சாம்பல் விழும். வேட்டியை உதறிவிடலாம். மூக்கில் போனதை எப்படி உதறுவது? அதைப் பற்றியெல்லாம் நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. வேட்டி கறுத்துவிட்டது என்றுதான் சண்டை போட்டோம்.

இருமல் 1973இல் தொடங்கியது. முதலில் மழைக்காலத்தில் மட்டும். பிறகு பனிக்கும் வந்தது. பிறகு எல்லாக் காலமும் அதற்குச் சொந்தமாகிவிட்டது. கிளினிக்குக்கு வரக் கூச்சப்பட்டுக்கொண்டு வேலிப் பக்கம் வந்து பாட்டிலை நீட்டுவாள்.

"அண்ணே, மருந்து தீந்துபோச்சு."

"முந்தாநேத்துதானே குடுத்தேன்?"

"அது போன வாரம்ணே. ஒங்களுக்கு நாள் போறதே தெரிய மாட்டேங்குது."

சிரித்துக்கொண்டே சொல்வாள். சிரிப்பு பாதியில் இருமலாக மாறும். நான் பழுப்பு மருந்தைக் கலந்து, பாட்டிலில் அளவு தெரிய வேளைக்கு ஒரு பல்லாகக் காகிதம் வெட்டி ஒட்டிக் கொடுத்துவிடுவேன். அப்படி எத்தனை பாட்டில் கொடுத்தேனோ. ஒரு தடவை மேதாவித்தனமாக ஒரு யோசனையும் சொன்னேன். "வெரலி மஞ்சளை வெளக்குல சுட்டு அந்தப் பொகைய இழு, நெஞ்சு லேசாயிடும்" என்றேன். தலைமுறை தலைமுறையாக எல்லா வீட்டிலும் செய்கிற வைத்தியம்தான். புகையால் வந்த நோய்க்கு மேலும் கொஞ்சம் புகையை எழுதிக் கொடுத்த கம்பவுண்டர் என்னைத் தவிர வேறு யாரும் இருக்க முடியாது. அவளும் சொன்னபடி ஆறு வருஷம் இழுத்தாள்.

1979 தை மாதம் நெல் அவிக்கும்போது அண்டாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்க மூச்சு இல்லை. ரிக்‌ஷாவில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோனோம். டாக்டர் முதுகில் குழாயை வைத்துக் கேட்டார், முன்பக்கம் வைத்துக் கேட்டார், மறுபடியும் முதுகுக்குப் போனார்.

"ஏம்மா, பீடி, சுருட்டு ஏதாச்சும் பழக்கம் உண்டா?"

கடலோரத்து வயதான பெண்களில் சிலர் சுருட்டுக் குடிப்பதால் டாக்டர் எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான் அது. சோமசேகரனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"யாரப் பாத்து என்ன கேக்குறீங்க டாக்டர்? நானே வெத்தலைகூடப் போடறது இல்ல."

"கோவப்படாதீங்க. நெஞ்சு அப்படி இருக்கு. அதான் கேட்டேன்."

இந்தப் பேச்சு எப்படியோ தெருவுக்கு வந்துவிட்டது. பங்கஜவல்லி கொல்லையில் நின்று ஒளித்து ஒளித்துப் பீடி இழுக்கிறாளாம் என்று ஒரு மாதம் பேசினார்கள். அடுத்த மாதம் அது காசநோயாக மாறியது. மூன்று நாள் சளியைச் சோதித்துப் பார்த்ததில் கிருமி ஒன்றுமில்லை என்று வந்தது. அதை யாரும் பேசவில்லை. நல்ல செய்திக்குக் கால் கிடையாது போலிருக்கிறது. அவளோ யாரிடமும் எதையும் மறுக்கவில்லை. மறுக்க மூச்சு வேண்டாமா?

டாக்டர் பங்கஜத்துக்கு மார்பு எக்ஸ்ரே எடுக்கச் சொன்ன அதே வாரம் சொல்தா மர்செலும் பென்ஷன் விஷயமாக ஒரு மருத்துவச் சான்றிதழுக்கு மார்பு எக்ஸ்ரே எடுத்திருந்தார். டாக்டர் இரண்டு படங்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"தெட்சிணாமூர்த்தி, இதுல சொல்தாவோடது எது, சொல்லும்."

சொல்தா முப்பது வருஷமாகச் சிகரெட் குடிப்பவர். ஒன்றின் நெருப்பில் இன்னொன்றைப் பற்றவைக்கிற ஆள். நான் யோசிக்கவே இல்லை. இரண்டில் மோசமாக இருந்த படத்தைக் காட்டினேன்.

"அது ஒம்ம தங்கச்சியோடது" என்றார் டாக்டர்.

டாக்டர் அன்று சாயங்காலமே என்னோடு தருமபுரம் வந்தார். அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போது அடுப்படிக்குள் போய் நின்றார். வெளியே வரும்போது கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். உள்ளே ரெண்டு நிமிஷம்கூட நிற்கவில்லை.

"இந்தம்மா சிகரெட்டு குடிக்கலைங்க. அதைவிட ஜாஸ்தி குடிச்சிருக்காங்க. மொதல்ல அந்த ஜன்னலத் தொறங்க. முடிஞ்சா கேஸுக்கு எழுதிப் போடுங்க. இனிமே வெறவு ஆகாது."

"ஜன்னலத் தொறந்தா மீன் நாத்தம் வரும் டாக்டர். உள்ள சாமி படம் இருக்கு" என்றார் சோமசேகரன்.

"சாமி தாங்கிக்குவாரு."

டாக்டர் போனபிறகு நான் என் வீட்டுக்குப் போனேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, அடுப்பு எரியும்போது என் மனைவி பக்கத்தில் போய் நின்றேன். என்ன வேண்டும் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். ஐந்து நிமிஷத்தில் தொண்டை கரகரத்து வெளியே வந்துவிட்டேன். அவள் உள்ளேயே இருந்தாள். அடுத்த வாரம் ஆளை வைத்து எங்கள் அடுப்படிக் கூரையில் புகைபோக்கி வைத்தேன். தெருவில் என்னைப் பார்த்து, கம்பவுண்டர் ரைஸ் மில் கட்டுகிறார் என்று சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

பங்கஜம் வீட்டில் ஒரு ஒப்பந்தம் ஆயிற்று. சோமசேகரன் பலகையைப் பிடுங்கினார். ஆனால் அவர் ஆபீஸ் போனபிறகுதான் ஜன்னல் திறக்கலாம், வீட்டில் இருக்கும்போது சாத்திவிட வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அடுப்பு எப்போது எரியும்? அவருக்குக் காப்பி போடும்போதும், அவர் சாப்பிட்டுப் போகச் சமைக்கும்போதும், சாயங்காலம் அவர் வந்தபிறகும்தான். அடுப்பு எரிகிற நேரமெல்லாம் அவர் வீட்டில் இருக்கிற நேரம். அடுப்பு அணைந்தபிறகு ஜன்னல் நாள் முழுக்கத் திறந்துகிடந்தது. அதன் வழியாக வந்தது அனெத் வீட்டு மீன் வாசம் மட்டும்தான்.

ஒருநாள் அனெத் அந்த ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாள். அவள் வீட்டில் கேஸ் அடுப்பு எப்போதோ வந்துவிட்டது.

"பங்கஜம், எங்க அடுப்புல வந்து சோறு வடிச்சுக்கிட்டுப் போயேன். நான் கழுவித் தொடச்சு வைக்கறேன்."

"ஒங்க நல்ல மனசு போதும் அனெத்தம்மா. அங்க வடிச்ச சோத்த இவங்க தொட மாட்டாங்க."

"நீ தொடுவேல்ல?"

"எனக்கு மட்டும் யாரு தனியா வடிக்கிறது?" என்று பங்கஜம் சிரித்தாள். அன்றும் அது இருமலில்தான் முடிந்தது.

சோமசேகரனைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டாக்டர் சொன்ன மறுநாளே கேஸுக்குப் பதிந்துவிட்டு வந்தார். மாதம் தவறாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏஜென்சிக்குப் போவார். இன்னும் உங்கள் நம்பர் வரவில்லை என்பார்கள். திரும்பி வருவார். ஐந்து வருஷம் இப்படி நடந்தார். அந்த ஐந்து வருஷமும் இவள் ஊதினாள். படி ஏறினால் நின்றாள், குடம் தூக்கினால் நின்றாள், பேசும்போது ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றாள். கேஸ் வந்தால் சரியாகிவிடும் என்று மட்டும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுடைய கனவெல்லாம் அந்தச் சிவப்பு சிலிண்டர்தான். நகை கேட்டதில்லை, புடவை கேட்டதில்லை.

1984 பொங்கலுக்கு முந்தின வாரம் கேஸ் வந்தது. சிலிண்டருக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். முதலில் பால் காய்ச்சி எங்கள் வீட்டுக்குக் காப்பி கொண்டுவந்தாள். "பாருங்கண்ணே, ஊதாமப் போட்ட காப்பி" என்றாள். மாசி, பங்குனி, சித்திரை என்று மூன்று மாதம் அவள் மருந்துக்கு வரவில்லை. சித்திரையில் ஒருநாள் கடைத்தெருவிலிருந்து எங்கும் நிற்காமல் நடந்துவந்ததாகச் சொன்னாள். டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். கெட்டுப்போனது திரும்பாது, ஆனால் மேலே கெடாமல் நிற்கும், அதுவே பெரிய விஷயம் என்றார்.

அந்தச் சித்திரையில்தான் சௌந்தரவல்லிக்கு வரன் கூடிவந்தது. திருவேட்டக்குடியில் நிலபுலன் உள்ள குடும்பம், மாப்பிள்ளையின் அப்பா ரிடையரான வாத்தியார். மாப்பிள்ளைக்கும் நிலையான வேலை. சீர் பேசும்போது வாத்தியார், "பொண்ணு கேஸ்ல சமைச்சுப் பழகியிருக்கு. அதுவும் கூட வந்துடும்ல?" என்று கேட்டார். அதட்டிக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். புதிதாகப் பதிந்தால் இன்னும் ஐந்து வருஷம். ஒரு பெயருக்கு ஒரு இணைப்புதான். சோமசேகரன் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார். அதற்காக அவரை நான் மதிக்கிறேன். பங்கஜம்தான் உள்ளேயிருந்து, "வந்துடுங்க" என்றாள்.

அன்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அவளைத் திட்டினேன்.

"ஒனக்கு என்ன புத்தி பிசகிப்போச்சா? மூணு மாசமாத்தானே மூச்சு விடுற?"

"எனக்கு நெஞ்சு போனது போயிடுச்சுண்ணே. டாக்டரே சொல்லிட்டாருல்ல, திரும்பாதுன்னு. பொண்ணு நெஞ்சு இன்னும் நல்லாருக்கு. அது ஊதக்கூடாது."

"இன்னும் கெடாம நிக்கும்னும் சொன்னாரே, அது காதுல விழலியா?"

"விழுந்துச்சு. டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க."

நான் சொல்லவில்லை. அந்தத் தங்கைக்கு நான் செய்த உபகாரங்களில் இதுவும் ஒன்று. வைகாசியில் கல்யாணம் முடிந்து அடுப்பும் சிலிண்டரும் திருவேட்டக்குடிக்கு வண்டி ஏறின. கேஸ் புத்தகம் சோமசேகரன் பெயரிலேயே இருந்ததால் அவரால் மறுபடி பதியவும் முடியவில்லை. பங்கஜம் பரணிலிருந்து ஊதுகுழலை இறக்கினாள். ஆடியில் பாட்டிலோடு வந்தாள்.

அடுத்த வருஷம், 1985 புரட்டாசியில், சௌந்தரவல்லி ஐந்து மாதக் கர்ப்பத்தோடு வந்திருந்தாள். அம்மாவும் பெண்ணும் டாக்டரைப் பார்க்க வந்தார்கள். தடுப்புக்குப் பின்னால் மருந்து கலக்கிக்கொண்டிருந்த எனக்கு பெஞ்சிலிருந்து இரண்டு இருமல் கேட்டது. ஒன்றைத் தெரியும். இன்னொன்று புதிது.

டாக்டர் பெண்ணின் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "எப்பலேருந்து இருமல்?" என்றார்.

"மழ தொடங்குனதுலேருந்து சார்."

"வீட்டுல கேஸ் இருக்குன்னு அம்மா சொன்னாங்களே?"

"இருக்கு சார். மாமாவுக்குக் காப்பி போட. சோறு, கொழம்பு எல்லாம் வெறவுதான். கேஸ்ல வடிச்சா சோத்துல ருசி இல்ல, வயித்துக்கும் ஆவாதுன்னு மாமா சொல்லிட்டாங்க. சிலிண்டரு சீக்கிரம் தீந்துபோயிடும்னு அத்த பூட்டி வச்சிருக்காங்க."

பங்கஜம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். இருமலை அடக்குகிறாளோ அழுகையை அடக்குகிறாளோ என்று எனக்குத் தெரியவில்லை. டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இந்த அம்மா வீட்டு கேஸ் எங்கே என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

நான்கு நாள் கழித்துப் பங்கஜமே பெண்ணைக் கொண்டுவிட பஸ் ஏறினாள். அவள் சாவுக்கு அப்போது இன்னும் மூன்று வருஷம்கூட இல்லை. நாற்பத்தொரு வயதுக்காரி, திருவேட்டக்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, சம்பந்தி வீட்டுக்குப் போவதற்குள் நான்கு இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். அங்கே நடந்ததைச் சௌந்தரவல்லி பின்னால் எனக்குச் சொன்னாள்.

சம்பந்தியம்மா அடுப்படியில் ஈர மட்டையை வைத்து ஊதிக்கொண்டிருந்தாள். பங்கஜம் செருப்பை விட்டுவிட்டு நேரே உள்ளே போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். சண்டை போடத்தான் வந்திருக்கிறாள் என்று பெண்ணுக்கு நடுக்கம். அவள் சண்டை போடவில்லை.

"சம்மந்தி, கொஞ்சம் கிட்ட வாங்க. என் முதுவுல காத வச்சுக் கேளுங்க."

"என்னங்க சம்மந்தி, ஒடம்புக்கு என்ன?"

"சும்மா கேளுங்க. அப்பறம் சொல்றேன்."

சம்பந்தியம்மா தயங்கித் தயங்கிக் காதை வைத்தாள். பங்கஜம் மூச்சை இழுத்து விட்டாள். அந்தச் சத்தத்தை நான் டாக்டர் குழாயில் கேட்டிருக்கிறேன். பழைய கதவு திறக்கிற சத்தம்.

"வெறவு அடுப்புங்க. இருவது வருஷம். வேற ஒண்ணும் இல்ல. அதனாலதான் கேஸக் குடுத்து அனுப்புனேன். எனக்குன்னு வந்தத எடுத்துக் குடுத்தேன். எங்க பொண்ணு நெஞ்சும் இப்படி ஆவக்கூடாதுங்க."

சம்பந்தியம்மா காதை எடுக்கவில்லையாம்.

"எனக்கும் இதே சத்தந்தான் சம்மந்தி. படுத்தா கேக்கும். வயசாவுதுன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள். அவளுக்கு நாற்பத்தெட்டு.

சம்பந்தியம்மா எழுந்து, எரிகிற மட்டையை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தாள். இடுப்புச் சாவியை எடுத்து மருமகள் கையில் கொடுத்தாள். அன்று மத்தியானம் அந்த வீட்டில் சோறு கேஸில் வெந்தது. வாத்தியார் சாப்பிட்டு எழுந்தார். குறை ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு வித்தியாசம் தெரிந்ததாகவே தெரியவில்லை.

பங்கஜம் சாப்பிட்டுவிட்டு மூன்று மணி பஸ்ஸில் திரும்பினாள். ஐந்தரைக்கு சோமசேகரன் ஆபீசிலிருந்து வந்துவிடுவார், அதற்குள் காப்பிக்கு அடுப்பு மூட்ட வேண்டும். வழியில் மழை பிடித்துக்கொண்டது. கொல்லையில் அடுக்கியிருந்த மிளார் நனைந்திருந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்து ஊதினாள், நெடுநேரம் ஊதினாள். காப்பி ஏன் இன்றைக்கு இவ்வளவு தாமதம் என்று சோமசேகரன் கூடத்திலிருந்து கேட்டது என் வீடு வரைக்கும் கேட்டது. அவளால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.